தானாய் எரியும் விளக்கு: ஒரு வரலாற்று நோக்கு

வீட்டு வாசலில் ஒருவர் காலடி வைத்ததும் தானே எரிந்து, அவர் அகன்ற சிறிது நேரத்தில் தானே அணைந்துவிடும் மின்விளக்கு இன்று எமது நகரங்களிலும் கிராமங்களிலும் பரவி வருகின்றது. கடைக்காரர் அதனைச் ‘சென்சர் லைற்’ என்பர். அசைவுணர் விளக்கு என நாம் அதனை வழங்கலாம். இதனை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்குவோருமுளர். விஞ்ஞானத்தின் விந்தையென்று வியப்போருமுளர். இரு சாராரும் விடயத்தின் மேற்பரப்பையே தொடுகின்றனர். ஒரு கருவி எமது சுவரில் ஏறுமுன், அது எத்தேவையிலிருந்து பிறந்தது, எவர் கையில் வளர்ந்தது, எவருக்கு வழி காட்டியது, எவரைக் காட்டிக் கொடுத்தது என்றெல்லாம் வினவுவது சமுதாய நோக்குடையோரின் கடமையாகும். விளக்கின் வரலாற்றை இவ்வாறு ஆராயப் புகுவோமாயின், மனிதருக்கும் மனிதருக்கும் இடையே நிலவிய உறவுகளின் வரலாற்றையே நாம் அதிற் காண்போம்.

ஆதியில் வெளிச்சம் வழிச்செல்வோனின் கையிலே இருந்தது. இரவில் வெளியே செல்பவன் காய்ந்த ஓலையாற் கட்டிய சூளைக் கொளுத்திக்கொண்டு நடந்தான். செல்வம் படைத்தோருக்கு முன்னே தீவட்டி பிடித்துச் செல்ல ஆட்கள் இருந்தனர். அவர்கள் பிறருக்கு வழி காட்டினர். தம் கண்களிற் புகையை ஏற்றனர். இலண்டன் மாநகரிலும் இதே நிலைதான். தெருவிளக்குச் செம்மையுறாத காலத்தில், ஏழைச் சிறுவர்கள் சில காசுகளுக்காகத் தீவட்டி ஏந்திக் கனவான்களை வீடு சேர்த்தனர்.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் சங்கடப்படலையை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும். கூரை வேய்ந்த அவ்வாயிலின் இருமருங்கிலும் திண்ணைகள் இருந்தன. வெயிலிலும் மழையிலும் வந்த வழிப்போக்கர் அங்கு ஒதுங்கி இளைப்பாறினர். தாகம் தீர்க்கத் தண்ணீரும் வைக்கப்பட்டது. அறஞ்சார்ந்த இந்தக் கட்டிட மரபைப் போற்றி எழுதியோர் பலர். ஆயின் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. அதே படலைதான் சாதியின் பேரால் ஒரு சாராரை அப்பால் நிறுத்திய எல்லைக்கோடாகவும் விளங்கியது. உள்ளே அழைக்கப்படுபவர் எவர், வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டியவர் எவர் என்பதை அப்படலை ஒவ்வொரு நாளும் அறிவித்துக்கொண்டேயிருந்தது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டில் நிறைவேறிய பின்னரும், ஆலய வாசல்களையும் தேநீர்க்கடை வாசல்களையும் திறப்பிப்பதற்கு மக்கள் போராட வேண்டியிருந்தமையை நாம் அறிவோம். ஆகவே வாசலில் எரியும் விளக்கு வரவேற்பதற்கா, தடுத்து நிறுத்துவதற்கா என்ற கேள்வி எமக்குப் புதிதன்று.

இக்கேள்வியை ஐரோப்பிய நகரங்கள் தெருவிலேயே சந்தித்தன. பிரான்சில் பதினான்காம் லூயி மன்னனின் ஆட்சியில், 1667ஆம் ஆண்டு, பாரிசு நகரத்துக்குப் பொலிஸ் தலைமை அதிகாரி என்ற புதிய பதவி ஏற்படுத்தப்பட்டது. முதன்முதல் அப்பதவியில் அமர்ந்த லா ரேய்னி என்பார் மேற்கொண்ட முதன்மையான வேலைகளுள் ஒன்று, தெருக்களின் குறுக்கே கயிறு கட்டி மெழுகுதிரி விளக்குகளைத் தொங்கவிட்டமையாகும். நகரம் ஒளிபெற்றது உண்மையே. ஆயினும் அவ்வொளி அரசனின் ஒளி, பொலிசாரின் ஒளி என்பதை நகரமக்கள் மறக்கவில்லை. 1830ஆம் ஆண்டு யூலைப் புரட்சியின்போது பாரிசு மக்கள் தெருவிளக்குகளைத் தேடித்தேடி உடைத்தனர். அச்செயலை வெறுங் காடைத்தனமெனக் கொள்வது வரலாற்றை அறியாதார் கூற்று. இருள் சூழ்ந்த ஒடுங்கிய தெருக்களிற் படைவீரரைவிட அத்தெருக்களை அறிந்த மக்களுக்கே வலிமை அதிகம். விளக்கை உடைத்தவர்கள் தம்மைக் காட்டிக் கொடுக்கும் கண்ணையே உடைத்தனர்.

இதனினுங் கொடிய எடுத்துக்காட்டு நியூயோர்க் நகரில் உண்டு. 1712ஆம் ஆண்டில் அங்கு அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி நசுக்கப்பட்ட மறு ஆண்டு, அதாவது 1713இல், நகரசபை ஒரு சட்டம் இயற்றியது. பதினான்கு வயதுக்கு மேற்பட்ட கறுப்பின, செவ்விந்திய அடிமை எவரும் சூரியன் மறைந்து ஒருமணி நேரத்துக்குப் பின் ஏற்றிய விளக்கின்றித் தனியே தெருவில் நடமாடலாகாது என்பதே அச்சட்டத்தின் சாரம். விளக்கு அடிமையின் கையில் இருந்தது. ஆயின் அது அவனுக்கு வழி காட்டுவதற்காக எரியவில்லை. அவன் எங்கே நிற்கிறான் என்பதை வெள்ளையர் காண்பதற்காகவே எரிந்தது. ஒளி எவர் பக்கம் வீசுகிறது, எவர் அதனால் பார்க்கிறார், எவர் பார்க்கப்படுகிறார் என்னும் பேதத்தை இச்சட்டத்தைப்போல் தெளிவாகக் காட்டும் சான்று பிறிதொன்றில்லை எனலாம்.

பின்னர் வந்தது இயந்திர யுகம். 1807இல் இலண்டனின் பால் மால் வீதியில் வாயு விளக்குகள் ஒளிர்ந்தன. நாள் முழுதும் இயங்கவேண்டிய ஆலைகளுக்கு அவ்வொளி வேண்டியிருந்தது. பகலோடு முடிந்த உழைப்பு இரவுக்கும் நீண்டது. 1882ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்தில் எடிசனின் மின்நிலையம் நியூயோர்க்கின் பேர்ல் வீதியில் இயங்கத் தொடங்கிற்று. இதன்பின் விளக்கேற்றுவதற்குத் திரியும் தீயும் வேண்டியிருக்கவில்லை; சுவரிலுள்ள ஆளியைத் தட்டினாற் போதும்.

எமது நாட்டில் மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெறலாமென்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் ஆய்வுரை சமர்ப்பித்தார். லக்ஸபான நிலையம் மின் வழங்கத் தொடங்கியதோ 1950ஆம் ஆண்டிலாகும். மலையிலிருந்து புறப்பட்ட மின்கம்பிகள் தேயிலைத் தோட்டங்களின் மேலாகவே கொழும்பை நோக்கிச் சென்றன. அக்கம்பிகளின் கீழே லயன் அறைகளில் வாழ்ந்த தொழிலாளர் நீண்ட காலம் குப்பி விளக்கின் புகையிலேயே இரவைக் கழித்தனர். ஒளி உற்பத்தியாகும் இடமும் ஒளி சென்றடையும் இடமும் வேறுவேறாகியமைக்கு இயற்கை காரணமன்று; பொருளாதார அமைப்பே காரணம்.

ஆளியைத் தட்டும் கைக்கும் அவசியமில்லாமற்செய்த ‘கண்’ எவ்வாறு தோன்றியது என்பதை இனி நோக்குவோம். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்ற வானியலறிஞர் சூரிய ஒளியை அரியத்தினூடே செலுத்தி, ஒவ்வொரு நிறத்தின் வெப்பத்தையும் வெப்பமானியால் அளந்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில், வெப்பம் அதிகமாயிருந்தது. இவ்வாறு செங்கீழ்க் கதிர் அறியப்பட்டது. 1830களில் இத்தாலியரான நொபிலி, மெலோனி ஆகியோர் அமைத்த கருவி சில மீற்றருக்கு அப்பால் நிற்கும் மனிதனின் உடற்சூட்டையே அறிந்தது. உயிருள்ள ஒவ்வோர் உடலும் இருளிலும் கதிர் வீசிக்கொண்டிருக்கிறது என்பது இதனால் நிறுவப்பட்டது.

இக்கதையின் மற்றொரு கிளை எமது தீவிலேயே வேர்கொண்டது என்பது பலர் அறியாத செய்தி. ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தை ஆண்ட காலத்தில், ஏறத்தாழ 1703ஆம் ஆண்டளவில், இங்கிருந்து பல நிறக் கற்கள் ஐரோப்பாவுக்குச் சென்றன. சிங்கள மக்கள் ‘தோரமல்லி’ எனப் பெயரிட்டழைத்த கற்கள் அவற்றுட் சில. அப்பெயரே ஐரோப்பிய மொழிகளில் ‘தூர்மலின்’ எனத் திரிந்தது. சூடேறிய அக்கல் சாம்பலை இழுப்பதையும் பின்னர் உதறித் தள்ளுவதையும் கண்ட ஒல்லாந்தர், அதனைச் ‘சாம்பலிழுப்பான்’ என்றனர். இலங்கைக் காந்தம் என்றும் அது பெயர்பெற்றது. 1717இல் லெமரி என்பார் இலங்கை ஆற்றிற் கிடைத்த இத்தகைய கல்லொன்றைப் பாரிசு விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தார். 1747இல் தாவரவியலறிஞர் லின்னேயஸ், இலங்கைத் தாவரங்களைப்பற்றிய தமது நூலில், இதனை ‘மின்கல்’ எனக் குறித்தார். 1756இல் ஏப்பினஸ் இதன் இரு முனைகளிலும் எதிரெதிரான மின்னேற்றங்கள் தோன்றுவதை நிறுவினார். வெப்பமாற்றத்தால் பளிங்கில் மின் பிறக்கும் இவ்வியல்புக்கு, நெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு, 1824இல் புறூஸ்ரர் பெயர் சூட்டினார்.

இன்று வாசற்சுவரில் நாம் பொருத்தும் உணரியினுள்ளே நிகழ்வது இதே விளைவுதான். அதனுள் இருப்பது தோரமல்லி அன்று. செயற்கையாக ஆக்கப்பட்ட பளிங்கு அல்லது சுட்ட மட்பொருள். ஆயினும் தத்துவம் ஒன்றே. லெமரியும் லின்னேயசும் ஏப்பினசும் விஞ்ஞான வரலாற்றில் இடம்பெற்றனர். மாணிக்கக் குழியின் சேற்றில் நின்று கல்லை அரித்தெடுத்தவனின் பெயர் எவ்வேட்டிலும் இல்லை. மூலப்பொருளைக் குடியேற்ற நாடு கொடுக்க, அறிவையும் ஆதாயத்தையும் ஆதிக்க நாடு பெற்ற பழைய வரலாற்றின் சிறு துண்டு இது. அன்று சாம்பலிழுத்த கல்லை அனுப்பிய நாம், இன்று அதன் பேரப்பிள்ளையான கருவியை அந்நியச் செலாவணி கொடுத்து இறக்குமதி செய்கின்றோம்.

உணரியின் முகப்பில் வெண்ணிறமான, கோடுகள் செதுக்கியது போன்ற பிளாத்திக்கு மூடியொன்று காணப்படும். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. கலங்கரை விளக்கின் ஒளியைக் கடலில் நெடுந்தொலைவுக்குச் செலுத்துதற்காகப் பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் படிபடியாய் அமைந்த மெல்லிய வில்லையை உருவாக்கினார். 1823இல் கோர்துவான் கலங்கரை விளக்கில் அது முதலில் ஒளிர்ந்தது. மாலுமிக்குத் திசை காட்டிய அதே வில்லை வடிவந்தான், திசை மாறி, இன்று வருபவரின் உடற்சூட்டைச் சேர்த்து உள்ளிருக்கும் பளிங்கின்மீது குவிக்கின்றது. இவ்வில்லை முற்றத்தை விரல்கள் போன்ற பல வலயங்களாகப் பிரிக்கும். உள்ளே இரு சிறு பளிங்குத் துண்டுகள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கும். முற்றம் முழுதும் ஒரேயளவில் வெப்பமடைந்தால் அவற்றின் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும்; விளக்கு எரியாது. ஓர் உடல் ஒரு வலயத்திலிருந்து மற்றொன்றுக்குக் கடந்தால் முதலில் ஒரு துண்டும் பின்னர் மற்றதும் சூடேறும். அவ்வேறுபாடே ஆளியைத் திறக்கின்றது. ஆகவே இக்கருவி மனிதனை அறிவதில்லை. அதற்குத் தெரிந்தது நகரும் சூடு ஒன்றே. முதலாளியும் தொழிலாளியும், உயர்ந்தவன் எனப்படுபவனும் தாழ்ந்தவன் எனப்படுபவனும் அதன்முன் ஒரே வெப்பமுடைய உடல்கள். பேதம் காண்பவன் கருவியின் பின்னால் இருக்கும் மனிதனே.

அம்மனிதன் இத்தகைய கருவிகளை முதலில் எதற்குப் பயன்படுத்தினான்? 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சாமுவேல் பாக்னோ என்பார், செவிக்குக் கேளாத ஒலியலைகளைக் கொண்டு அறையினுள் அசைவை அறியும் கருவியை அமைத்தார். களஞ்சியங்களையும் கடைகளையும் திருடரிடமிருந்து காப்பதே நோக்கம். 1968 முதல் 1973 வரை அமெரிக்க வான்படை, லாவோஸ் ஊடாகச் சென்ற ஹோ சி மின் பாதையில், நில அதிர்வையும் ஓசையையும் அறியும் உணரிகளை ஆயிரக்கணக்கில் வீசியது. காட்டினுள் லொறி ஒன்று அசைந்தால் தாய்லாந்திலிருந்த கணனிக்குச் செய்தி சென்றது; அதையடுத்துக் குண்டுவீச்சு விமானம் வந்தது. உலகின் மிகப்பெரும் தொழினுட்பத்தைக் கொண்டும் அப்பாதையை அவர்களால் மூடமுடியவில்லை. செங்கீழ்க் கதிர் உணரி மலிந்து வீடுகளுக்கு வந்தது இதன் பின்னரே. அதுவும் முதலிற் கள்வரை அறிவிக்கும் மணியாகவே வந்தது. சொத்தின் காவலனாகவும் போரின் ஒற்றனாகவும் பயின்ற ஒரு குடும்பத்திலிருந்து இவ்விளக்கு எமது வாசலை வந்தடைந்திருக்கின்றது.

எமது மக்களுக்கு ஒளியைப்பற்றித் தனியான ஓர் அனுபவமும் உண்டு. 1990இல் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. மண்ணெண்ணெய்க்கும் தடை வந்தது. ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சிட்டு, அப்பஞ்சில் ஊறிய சிறிதளவு எண்ணெயால் எரியும் விளக்கை மக்கள் தாமே ஆக்கிக்கொண்டனர். அவ்வொளியிற் படித்துப் பரீட்சை எழுதிய ஒரு தலைமுறை இன்றும் எம்மிடையே வாழ்கின்றது. அதே இரவுகளில் விமானத்தின் இரைச்சல் கேட்டவுடன் அச்சிறு சுடரையும் அவர்கள் அணைத்தனர். விளக்கின்மையால் துன்பமும் விளக்கினால் ஆபத்தும் ஒருங்கே கண்டவர்கள் அவர்கள். 2022இல் நாடு முழுதும் பொருளாதார நெருக்கடியில் மூழ்கி, மார்ச்சு மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு நிகழ்ந்தபோது, தென்னிலங்கை மக்களும் இருளின் சுமையை ஓரளவு அறிந்தனர். ஆகவே வெளிச்சத்தைச் சிக்கனமாகவும் நியாயமாகவும் பயன்படுத்தல் எமக்கு வெறும் நாகரிகச் சொல்லன்று.

சிக்கனத்தைப்பற்றி விளம்பரங்கள் கூறுவன முழு உண்மையல்ல. கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய 60 வாற்று இழைக்குமிழ் இரவில் 12 மணிநேரம் எரிந்தால் முப்பது நாளில் 21.6 அலகு செலவாகும். அதற்கீடாக 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ் அதே நேரம் எரிந்தால் 3.24 அலகே. அசைவுணரியோடு நாளுக்கு ஒருமணி நேரம் மட்டும் எரியுமாயின் 0.27 அலகு, உணரி விழித்திருப்பதற்கென நாள் முழுதும் அரை வாற்று வேண்டுமாயின் மேலும் 0.36, ஆக 0.63 அலகு. பெருஞ் சேமிப்பு குமிழை மாற்றியதாற் கிடைத்ததேயன்றி உணரியால் அன்று. எனவே பணத்தை மிச்சம் பிடிக்கவென்று மட்டும் இதனை வாங்குதல் அத்துணை அறிவுடைமையாகாது. இதன் உண்மையான பயன் வேறிடத்தில் உண்டு.

கிணற்றடிக்கும் வீட்டுக்குப் புறத்தேயுள்ள மலசலகூடத்துக்கும் இரவிற் செல்லும் பெண்களையும் முதியோரையும் பிள்ளைகளையும் எண்ணிப் பாருங்கள். பாம்புக்கடியால் ஆண்டுதோறும் உயிர்கள் பறிபோகும் நாடு இது. ஒரு கையில் வாளியும் மறுகையிற் குழந்தையுமாக வருபவள் ஆளியைத் தேட முடியாது. படியிறங்கும் முதியவரின் கால் இடறும் இடம் இருண்ட இடமே. இவர்களுக்கு முன்னே, கையின் உதவி வேண்டாது, நிலத்தில் ஒளி விழுவதே இக்கருவியின் மேன்மை. தீவட்டி பிடிக்க ஆள் வைத்திருந்த செல்வனுக்கு மட்டும் அன்று கிடைத்த வசதி, எவரையும் அடிமையாக்காமல், இன்று குடிசைக்கும் கிடைக்கின்றது.

இந்நோக்குடன் பொருத்துவதாயின் சிலவற்றை மனங்கொள்ளல் வேண்டும். உணரியைத் தரையிலிருந்து 2 முதல் 2.5 மீற்றர் உயரத்தில், சற்றுக் கீழ்நோக்கி அமைத்தல் நன்று. தன்னை நோக்கி நேரே வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரையே அது விரைவில் அறியும். ஆதலின் நடைபாதைக்குப் பக்கவாட்டாக வைத்தல் வேண்டும். வெயிலில் சூடேறும் தகரம், குளிரூட்டியின் வெளிப்பெட்டி, காற்றில் ஆடும் வாழையிலை ஆகியவற்றை நோக்கி வைத்தால் வீணே எரியும். சுற்றுப்புறம் உடலின் மேற்பரப்பைப்போல் ஏறத்தாழ 33 பாகை வரை சூடேறிய வேளையில் வேறுபாடு குறைவதால் அதன் பார்வை மங்கும் என்பதையும் அறிந்திருத்தல் நலம். பகலில் எரியாமல் தடுக்கும் ஒளியுணரியின்மீது அவ்விளக்கின் ஒளியே விழுமாயின், எரிவதும் அணைவதுமாக அது தடுமாறும். விளக்கோடு உணரியும் இயங்குதற்கு நொதுமற் கம்பியும் வேண்டும். பழைய வீடுகளின் ஆளிப்பெட்டியில் அது பெரும்பாலும் இராது. ஆகவே பிரதான ஆளியை நிறுத்தி, தொழிலறிந்த மின்வேலைகாரரைக் கொண்டே இணைத்தல் வேண்டும். மழைநீர் புகாத உறையும் அவசியம். அசையாதிருப்பவரை இக்கருவி அறியாதாதலின், மலசலகூடத்தில் வழக்கமான ஆளியையும் உடன்வைத்தல் விரும்பத்தக்கது. மின்வெட்டுக்கு அஞ்சும் இடங்களிற் சூரியக்கலத்தோடும் மின்கலத்தோடும் கூடியதைத் தெரியலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒளி எத்திசையில் விழவேண்டும் என்பதை வீட்டார் முதலில் தீர்மானித்தல் வேண்டும். வீதியை நோக்கித் திருப்பிய விளக்கு, தெருவிற் போகும் ஒவ்வொருவரின் முகத்திலும் பாய்ந்து அவரைக் குற்றவாளியாக்கும். அயல்வீட்டு யன்னலை நோக்கியது அயலவரின் உறக்கத்தைக் கெடுக்கும். கமராவோடு இணைந்து, வருவோர் போவோரின் படங்களைத் தொலைவிலுள்ள கம்பனிகளின் களஞ்சியத்துக்கு அனுப்பும் வகைகளும் சந்தைக்கு வந்துவிட்டன. விளக்கு என்ற பெயரில் பாரிசுப் பொலிசாரின் கண்ணையும் நியூயோர்க் நகரசபையின் சட்டத்தையும் நாமே விலை கொடுத்து வாங்கி வாசலில் மாட்டுவதாக அது முடியலாம்.

களவு என்னும் அச்சம் பொய்யன்று. வறுமையும் வேலையின்மையும் பெருகுங் காலத்தில் அது பெருகும். ஆயின் அதற்குரிய பரிகாரத்தைச் சுவரிற் பொருத்திய கருவியிடம் எதிர்பார்த்தல் பேதைமை. கருவியால் ஆகக்கூடியது வேறு. கிணற்றடியிலும் படிக்கட்டிலும் படலைக்கு உட்புறத்திலும் ஒளி வருபவரின் காலடியில் விழும்படி அதனை அமைப்போம். படலையடியில் வந்து நிற்பவர் எவராயினும், எச்சாதியினராயினும், தாம் பிடிபட்டதாக எண்ணாது, தமக்கு வழி தெரிந்ததாக எண்ணும்படி அவ்விளக்கு எரியட்டும்.